‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்று விண்ணப்பம் திரும்புகிறதா? படத்தைச் சரியாக எடுப்பது இப்படித்தான்!

விண்ணப்பம் போட்டாச்சு, கட்டணமும் கட்டியாச்சு, ஒப்புகைச் சீட்டும் கையில் இருக்கு. இனி சான்றிதழ் வந்துவிடும் என்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில் ஒரு தகவல் வருகிறது: ‘இணைக்கப்பட்ட ஆவணம் தெளிவாக இல்லை.’

தகுதி இருக்கிறது. அசல் சான்றும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. தவறு நடந்தது ஓர் இடத்தில்தான்: அவசரமாக எடுத்த போட்டோவில். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரியது. கல்லூரிக் கலந்தாய்வு, கல்வி உதவித்தொகை, முதல் பட்டதாரி சலுகை எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. மங்கலான ஒரு படத்துக்காக அந்தத் தேதி காத்திருக்காது.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தச் சிக்கலைத் தீர்க்க புது போனும் வேண்டாம், ஸ்கேனர் இயந்திரமும் வேண்டாம். வெளிச்சம், தூரம், கோப்பின் அளவு ஆகிய மூன்றையும் கவனித்தாலே பெரும்பாலான கோளாறுகள் போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படம் எடுக்கவே வேண்டுமா? முதலில் இதைப் பாருங்க

பலர் செய்யும் ஒரு வேலை இது: இணையத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைத்த சான்றிதழைப் பிரின்ட் எடுத்து, அந்தத் தாளை போட்டோ எடுத்து, அந்த போட்டோவை மீண்டும் இணையத்தில் ஏற்றுவது. இதில் ஒவ்வொரு படியிலும் தெளிவு குறைகிறது. கியூஆர் குறியீடு ஸ்கேன் ஆகாமல் போகலாம். பிடிஎஃப் கோப்புக்குள் இருக்கும் மின்னணுக் கையொப்பமும் காணாமல் போய்விடும்.

எனவே, இ-சேவை வழியாக வாங்கிய வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று போன்றவை உங்களிடம் பிடிஎஃப் ஆக இருந்தால், அந்தக் கோப்பையே நேரடியாக ஏற்றுங்க. பட்டா, சிட்டா நகலையும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலிருந்து நேரடியாகப் பதிவிறக்கலாம். 2015-இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் சேவையில் ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் இருப்பவை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் உள்ள 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்கு இணையானவை. ஆனால் நாமே போட்டோ எடுத்து டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தவற்றுக்கு இந்தத் தகுதி கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இ-ஆதார் பிடிஎஃப் விஷயத்தில் மட்டும் ஒரு கவனம். அது கடவுச்சொல்லோடு வரும். அப்படியே ஏற்றினால் சரிபார்க்கும் அலுவலரால் திறக்க முடியாமல் போகலாம். உங்கள் போனில் ஏற்கெனவே திறந்து பார்த்த கோப்பு என்பதால் உங்களுக்குப் பிரச்சினை தெரியாது, எதிர்முனையில்தான் தெரியும்.

பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய மதிப்பெண் பட்டியல், கையால் எழுதிய சாதிச் சான்று, கிரையப் பத்திரம், வங்கிப் பாஸ்புக் போல தாளில் மட்டுமே இருப்பவற்றுக்குத்தான் கேமரா தேவை.

அலுவலர் உங்கள் படத்தில் எதைத் தேடுகிறார்?

வருமானச் சான்று, சாதிச் சான்று போன்ற விண்ணப்பங்கள் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று பல நிலைகளைத் தாண்டிப் போகின்றன. அவர்கள் கையில் உங்கள் அசல் சான்று இல்லை; திரையில் தெரியும் படம் மட்டும்தான் இருக்கிறது. பெயர், தந்தை பெயர், தேதி, சான்றிதழ் எண், முத்திரை, கையொப்பம் ஆகிய ஆறும் படிக்கும்படி இருந்தால்தான் அவர்களால் மேலே அனுப்ப முடியும்.

படம் சற்று மங்கினால் தமிழ் எழுத்தில் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அடுத்து கொம்பின் சுழி. ‘வேலு’ என்பதன் இரட்டைச் சுழிக் கொம்பு ஒற்றைச் சுழியாகத் தெரிந்தால் ‘வெலு’ ஆகிவிடும். எண்களில் 3-க்கும் 8-க்கும், 6-க்கும் 0-க்கும் வித்தியாசம் தெரியாது. சர்வே எண் 128/3 என்பது 128/8 என்று படிக்கப்பட்டால் அது வேறொருவர் நிலம். ‘ஓரளவு தெரியுதே, போதும்’ என்று நாம் நினைப்பது நமக்கு அந்தப் பெயரும் எண்ணும் ஏற்கெனவே தெரியும் என்பதால்தான். முதன்முதலில் பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை.

என் போன் பழசு… போதுமா?

பெரும்பாலும் போதும். கணக்கைப் பாருங்க. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 11.7 அங்குலம். 12 மெகாபிக்சல் கேமராவின் படம் வழக்கமாக 4000×3000 புள்ளிகள் கொண்டது. தாள் படம் முழுக்க நிறையும்படி எடுத்தால் ஓர் அங்குலத்துக்கு சுமார் 340 புள்ளிகள் கிடைக்கும். 8 மெகாபிக்சல் கேமராவில்கூட சுமார் 280 கிடைக்கும். ஆவணத்தைப் படிக்க அங்குலத்துக்கு 200 புள்ளிகள் இருந்தாலே வசதி. 300 இருந்தால் சிறு எழுத்தும் தெளிவு.

ஆனால் அதே 12 மெகாபிக்சல் போனில், தாள் படத்தின் பாதி நீளத்துக்கு மட்டும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று எடுத்தால் 340 என்பது 170 ஆகிவிடும். மீதிப் புள்ளிகள் எல்லாம் மேசையையும் தரையையும் படம் எடுக்கச் செலவாகிவிட்டன. ஆக, தாள் ஃபிரேமை நிறைக்க வேண்டும். நாலு ஓரத்திலும் ஒரு விரல் அகலம் இடம் விட்டால் போதும்.

செல்ஃபி கேமரா வேண்டாம். பல போன்களில் அதற்குத் தானாக ஃபோகஸ் செய்யும் வசதி இல்லை. பின்பக்கக் கேமராவில், 1x என்று காட்டும் முதன்மை லென்ஸில் எடுங்க. 0.5x எனப்படும் அகலக் கோண லென்ஸ் தாளின் ஓரங்களை இழுத்து வளைத்துவிடும்.

கோளாறும் தீர்வும்

1. படம் முழுக்க புகை மூட்டம் போல இருக்கிறது

முதல் சந்தேகம் லென்ஸ் மேல்தான். நாள் முழுக்க கையிலும் பாக்கெட்டிலும் இருக்கும் போனின் லென்ஸில் விரல் பிசுக்கு படிந்திருக்கும். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுங்க. பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

2. எழுத்துகள் இரட்டையாக, இழுபட்டது போல இருக்கின்றன

இது கை நடுக்கம். வெளிச்சம் குறைந்தால், போதிய ஒளியைச் சேர்க்க கேமரா அதிக நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் கை கொஞ்சம் அசைந்தாலும் எழுத்து இழுபடும். இரவில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் கெட்டுப்போவது இதனால்தான்.

தீர்வு: பகல் வெளிச்சத்தில் எடுங்க. இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்க. அல்லது, இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, போனின் இரு முனையும் அவற்றின் மேல் நிற்கும்படி வைத்து, தாளை நடுவில் கீழே வையுங்க. திரையைத் தட்டும்போதுகூட போன் ஆடும் என்பதால் 3 விநாடி டைமர் வைப்பது நல்லது.

இன்னொன்று, மின்விசிறியை நிறுத்துங்க! தாள் படபடத்தால் எந்தக் கேமராவாலும் ஒன்றும் செய்ய முடியாது. விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கையின் நிழலும் தாள்மேல் ஓடும்.

3. கிட்டே போகப் போக மங்கலாகிறது

அடையாள அட்டை போன்ற சின்ன ஆவணங்களில் இது நடக்கும். ஃபிரேம் நிறைய வேண்டும் என்று அட்டையின் மேல் கேமராவை ஒட்டிக்கொண்டு போவோம். ஆனால் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குறைந்தபட்ச தூரம் உண்டு. அதற்கும் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது.

அட்டைகளுக்குக் கிட்டே போகவே தேவையில்லை. 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து எடுத்துவிட்டு, பிறகு அட்டையை மட்டும் வெட்டிக்கொள்ளுங்க. 12 மெகாபிக்சல் போனில் அந்த உயரத்திலேயே அங்குலத்துக்கு 300-க்கும் மேல் புள்ளிகள் கிடைத்துவிடும். ஏ4 தாளுக்கு சுமார் ஓர் அடி உயரம் சரியாக இருக்கும்.

எடுப்பதற்கு முன் திரையில் எழுத்து இருக்கும் இடத்தில் ஒருமுறை தட்டுங்க. அப்போதுதான் கேமரா அந்த இடத்தில் ஃபோகஸ் செய்யும்.

4. தாளின் குறுக்கே உங்கள் நிழல்

விளக்கு தலைக்கு மேலே இருக்கும். நீங்கள் தாளுக்கு மேலே குனிவீர்கள். நிழல் விழாமல் எப்படி இருக்கும்? மேசையை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு, வெளிச்சம் இடமிருந்தோ வலமிருந்தோ வரும்படி உட்காருங்க. ஜன்னலுக்கு முதுகு காட்ட வேண்டாம்.

நேர் வெயிலும் வேண்டாம். அதில் நிழல் கறுப்பாக விழும். தாளின் ஒவ்வொரு மடிப்பும் கோடாகத் தெரியும். வெயில் நேரடியாகப் படாத, ஆனால் நல்ல வெளிச்சமான இடம்தான் சிறந்தது. இரவில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், தாளின் இருபுறமும் ஒவ்வொரு விளக்கு வைத்தால் ஒன்றின் நிழலை மற்றொன்று கரைத்துவிடும்.

5. லேமினேஷன் பளபளப்பில் எழுத்து மறைகிறது

கேரம் போர்டில் காய் எந்தக் கோணத்தில் ஓரத்தில் மோதுகிறதோ அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஒளியும் அப்படித்தான். கேமரா தாளுக்கு நேர் மேலே இருக்கும்போது, விளக்கும் நேர் மேலே இருந்தால் அந்த ஒளி பட்டுத் திரும்பி லென்ஸுக்குள்ளேயே வரும். போன் ஃபிளாஷ் செய்வதும் இதைத்தான். ஆகவே ஃபிளாஷை அணைத்துவிடுங்க. மேலே எரியும் டியூப்லைட்டையும் அணையுங்க. பக்கவாட்டில், தாழ்வாக வரும் வெளிச்சம் மறுபக்கம் போய்விடும், கேமராவுக்கு வராது.

பிளாஸ்டிக் உறையில் இருக்கும் சான்றை வெளியே எடுத்துவிட்டுப் படம் எடுங்க. லேமினேட் செய்ததைப் பிரிக்க முயல வேண்டாம். அச்சு மையும் பிரிந்து வந்துவிடும்.

6. தாள் கோணலாக, ஒருபக்கம் குறுகித் தெரிகிறது

போன் தாளுக்கு இணையாக இல்லை என்று அர்த்தம். கேமரா அமைப்புகளில் ‘கிரிட்’ கோடுகளை இயக்கி, தாளின் ஓரங்களை அந்தக் கோடுகளோடு பொருத்துங்க. சில போன்களில், கீழ்நோக்கிப் பிடிக்கும்போது இரண்டு சிறு கூட்டல் குறிகள் தோன்றும். இரண்டும் ஒன்றானால் போன் தட்டையாக இருக்கிறது.

பாஸ்புக் போன்றவற்றில் தைத்த நடுப்பகுதி பள்ளமாகி, ஓரம் தூக்கிக்கொள்ளும். தாழ்ந்திருக்கும் பக்கத்துக்கு அடியில் ஒரு நோட்டை வைத்து இரு பக்கமும் சமமாக்குங்க. மடித்து மடித்து வைத்த பழைய பத்திரத்தை முந்தின இரவே கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டால் காலையில் ஓரளவு நிமிர்ந்திருக்கும்.

7. வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாக வருகிறது

கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். முழுக்க வெள்ளையாக ஒரு தாளைக் காட்டினால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்து இருட்டாக்கிவிடும். திரையைத் தட்டியதும் தோன்றும் சூரியக் குறியைச் சற்றே மேலே நகர்த்துங்க, தாள் வெள்ளையாகும். அளவுக்கு மீறினால் மெல்லிய கையொப்பம் அழிந்துவிடும். வெள்ளையும் வேண்டும், மையும் தெரிய வேண்டும்.

8. பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறது

மெல்லிய தாளில் இரு பக்கமும் அச்சிட்டிருந்தால் இப்படி வரும். தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டையை வையுங்க. பின்பக்க எழுத்து கணிசமாக மறைந்துவிடும். தாளின் ஓரமும் பளிச்சென்று தெரிவதால் ஸ்கேன் ஆப் எல்லையைச் சரியாகக் கண்டுபிடிக்கும். வெள்ளைத் தாளை வெள்ளைப் படுக்கை விரிப்பில் வைத்து எடுப்பதைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

9. படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள்

நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் சில டியூப்லைட்டுகளும் எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தை வரிவரியாகப் பதிவு செய்யும் கேமராவுக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்துக்கு மாறினால் பட்டைகள் போய்விடும். கேமரா அமைப்பில் ‘ஆன்டி-ஃபிளிக்கர்’ இருந்தால் 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்க.

ஸ்கேன் ஆப்பில் எடுக்கலாமா?

எடுக்கலாம், வெறும் கேமராவைவிட நல்லது. தனியாக எதையும் நிறுவக்கூடத் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ், ஐபோனில் நோட்ஸ் ஆகியவற்றிலேயே ஸ்கேன் வசதி உள்ளது. ஓரத்தை வெட்டி, கோணலை நிமிர்த்தி, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கித் தந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆப் தானாகவே ‘பிளாக் அண்ட் ஒயிட்’ வடிகட்டியைப் போட்டுவிட்டால் மாற்றிவிடுங்க. அது ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா, வெள்ளையா என்று முடிவு செய்துவிடும். மங்கிய ஊதா முத்திரை, அதிகாரியின் பச்சை மைக் கையொப்பம் ஆகியவை ‘வெள்ளை’ என்று முடிவாகி மறைந்து போகலாம். முத்திரை இல்லாத சான்றை யார் ஏற்பார்கள்? கலர் அல்லது அசல் நிறத்திலேயே வையுங்க.

கோப்பின் அளவைக் குறைக்கும்போதுதான் பாதி படம் கெடுகிறது

போனில் எடுத்த படம் பல எம்பி இருக்கும். விண்ணப்பப் பக்கமோ சில நூறு கேபி மட்டும் அனுமதிக்கும். எவ்வளவு என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும்; பதிவேற்றும் பொத்தானுக்கு அருகிலேயே எழுதியிருக்கும். அதை முதலில் பார்த்துவிட்டு, இந்த வரிசையில் குறையுங்க:

• முதலில் வெட்டுங்க. மேசை, விரல், தரை எல்லாம் போகட்டும். எழுத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை.

• அடுத்து, படத்தின் நீள அகலத்தைக் குறையுங்க. ஏ4 தாளுக்கு 1654×2339 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு 200 புள்ளிகள். இன்னும் குறைக்க வேண்டுமானால் 1240×1754 வரை போகலாம், அது 150. சாதாரண அச்செழுத்தை அதிலும் படிக்கலாம்.

• கடைசியாகத்தான் ‘குவாலிட்டி’ எண்ணைக் குறையுங்க. ஜேபிஜி முறை படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அளவுக்கு மீறிச் சுருக்கினால் எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலப் புள்ளிகள் தோன்றும்.

பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள்: வெட்டாமல், அளவு மாற்றாமல், நேராகக் குவாலிட்டியை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். மேசையின் மரக்கோடுகள் பத்திரமாக இருக்கும், பெயர்தான் அழிந்திருக்கும்.

சுருக்கியதை மறுபடி மறுபடி சுருக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அசல் படத்திலிருந்தே தொடங்குங்க.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு: படம் ஹெச்இஐசி வடிவத்தில் சேமிக்கப்பட்டிருந்தால் பல இணையதளங்கள் ஏற்காது. அமைப்புகளில் கேமரா, பிறகு ஃபார்மட்ஸ் சென்று ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றினால் அதற்குப் பிறகு எடுப்பவை ஜேபிஜி ஆக வரும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

ஊரில் இருக்கும் அப்பா மகனுக்கு அனுப்புவார், மகன் மைய நடத்துநருக்கு அனுப்புவார். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். ஆகவே படமாக அனுப்பாமல், இணைப்புக் குறியைத் தட்டி ‘டாக்குமெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்க. கோப்பு மாறாமல் போகும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது அதைவிட மோசம். திரையின் அகலம் 1080 புள்ளிகள் என்றால், ஒரு முழு ஏ4 பக்கத்துக்கு அங்குலத்துக்கு 130 புள்ளிகள்தான் மிஞ்சும். மேலே பேட்டரி குறியும் சேர்ந்து வரும்.

இ-சேவை மையத்தில் ஸ்கேன் செய்யும்போது

சில மையங்களில் மேசையிலிருந்து ஒரு தண்டு எழுந்து, அதன் உச்சியில் கேமரா கீழே பார்த்தபடி இருக்கும். அதைத்தான் டாக்குமெண்ட் கேமரா என்கிறோம். வங்கிகள், பள்ளிகளிலும் பார்த்திருப்பீர்கள். தாளைக் கீழே வைத்தால் ஒரு நொடியில் படம். வேகம் அதிகம், ஆனால் போனுக்கு வரும் எல்லாக் கோளாறும் இதற்கும் வரும். மையம் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை:

• மென்பொருளில் தெளிவுத்திறன் குறைவாக வைக்கப்பட்டிருக்கலாம். அதிகபட்ச அளவுக்கு மாற்றி எடுத்து, தேவையானால் பிறகு குறைக்கலாம்.

• தடிமனான பாஸ்புக்கை எடுத்துவிட்டு ஒற்றைத் தாளை வைத்தால் தூரம் மாறுகிறது. ஃபோகஸ் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும்.

• கேமராவிலேயே உள்ள விளக்கு லேமினேஷனில் பட்டுத் தெறிக்கும். அப்போது அதை அணைத்துவிட்டு, பக்கவாட்டு மேசை விளக்கைப் பயன்படுத்தலாம்.

• சின்ன அட்டைகளுக்குத் தண்டின் உயரத்தைக் குறைத்து, ஃபோகஸைச் சரிபார்க்க வேண்டும்.

• லென்ஸைத் தினமும் காலையில் ஒருமுறை துடைத்தால் நாள் முழுவதுக்கும் உதவும்.

விண்ணப்பிக்க வந்தவர்களும் தயங்க வேண்டாம். ‘தம்பி, அதைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டுங்க, பேரும் நம்பரும் தெரியுதான்னு பாத்துக்கிறேன்’ என்று கேட்பதில் தவறே இல்லை. வரிசையில் ஒரு நிமிடம் கூடுதலாகும். ஆனால் திரும்ப ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்காது.

எழுத்து மங்கிவிட்டால் ஆப் திருத்தித் தருமா?

இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டலாம், வெட்டலாம், நிமிர்த்தலாம். இவை படத்தைத் தெளிவாக்கும் வேலைகள். ஆனால் மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதுவதோ, ஆப்பில் எழுத்தைச் சேர்ப்பதோ, கறையை அழிப்பதோ ஆவணத்தைத் திருத்துவதாகிவிடும். நல்ல எண்ணத்தில் செய்தாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தை ‘மேம்படுத்தும்’ ஆப்களிலும் ஆபத்து உண்டு. படத்தில் இல்லாத தகவலை அவற்றால் மீட்க முடியாது. ‘இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று ஊகித்து வரையும். முகப் படத்தில் அது பரவாயில்லை. சான்றிதழ் எண்ணில் பரவாயில்லையா?

இயந்திரம் எண்ணை மாற்றும் என்பது கற்பனை அல்ல. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, 21.11 சதுர மீட்டர் என்று இருந்த அறையின் அளவு 14.13 என்று மாறி வந்ததைக் கண்டுபிடித்தார். கோப்பைச் சுருக்கும் முறை, ஒன்றுபோலத் தெரிந்த துண்டுகளை ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று எடுத்துக்கொண்டு, ஓர் எண்ணின் இடத்தில் இன்னொன்றை ஒட்டிவிட்டது. படம் மங்கலாகவே இல்லை. பளிச்சென்று, ஆனால் தவறாக இருந்தது! பின்னர் அந்த நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. நமக்கான பாடம் ஒன்றுதான்: படம் தெளிவாக இருப்பது மட்டும் போதாது, அசலோடு ஒப்பிட்டும் பார்க்க வேண்டும்.

அசலிலேயே எழுத்து படிக்க முடியாத அளவுக்கு அழிந்திருந்தால், எத்தனை முறை படம் எடுத்தாலும் பலன் இல்லை. அந்தச் சான்றை வழங்கிய அலுவலகத்தில் மறுநகலோ சான்றிட்ட நகலோ கேட்டு விண்ணப்பிப்பதுதான் சரியான வழி. அவசரம் வருவதற்கு முன்பே, சாதாரண நாளில், வீட்டிலிருக்கும் சான்றுகளை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பாதுகாப்பு முக்கியம்

‘இலவசமாகக் கோப்பைச் சுருக்கித் தருகிறோம்’ என்று சொல்லும் முன்பின் தெரியாத இணையதளங்களில் ஆதார், பான், பாஸ்புக் படங்களை ஏற்ற வேண்டாம். போனிலேயே உள்ள கேலரி எடிட்டரில் வெட்டவும், பல போன்களில் அளவைக் குறைக்கவும் முடியும். மத்திய அரசு 2020 ஜூன் மாதம் தடை செய்த 59 செயலிகளில் பலர் பயன்படுத்திவந்த ஒரு ஸ்கேன் செயலியும் இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்க. பிரவுசிங் சென்டர் கணினியில் கோப்பைத் திறந்தால், வேலை முடிந்ததும் அதை நீக்கி, ‘ரீசைக்கிள் பின்’னையும் காலி செய்துவிட்டு வாருங்க. முழு ஆதார் எண் தேவைப்படாத இடங்களில் எண்ணின் முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம்.

‘சப்மிட்’ அழுத்தும் முன் ஒரு நிமிடம்

• பதிவேற்றிய கோப்பையே திறந்து பாருங்க; கேலரியில் இருக்கும் அசல் படத்தை அல்ல.

• சான்றிதழ் எண்ணைப் பெரிதாக்கி, ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்து அசலோடு ஒப்பிடுங்க.

• பெயரில் புள்ளி, கொம்பு, தலைப்பெழுத்து எல்லாம் தெரிகிறதா?

• முத்திரையும் கையொப்பமும் முழுமையாக இருக்கின்றனவா, ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டனவா?

• நாலு மூலையும் தெரிகின்றனவா? பின்பக்கத்திலும் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்தாச்சா?

• படம் நேராக இருக்கிறதா, தலைகீழாக இல்லையே?

• முடிந்தால், அந்தச் சான்றை முன்பு பார்க்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. அவர் தடுமாறும் இடத்தில்தான் அலுவலரும் தடுமாறுவார்.

ஏற்கெனவே விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதா? பதற வேண்டாம். எந்த ஆவணம், என்ன காரணம் என்பதை முதலில் முழுமையாகப் படியுங்க. திருத்தி அனுப்ப வாய்ப்பு தரப்பட்டிருந்தால் அந்த ஆவணத்தை மட்டும் மேலே சொன்னபடி புதிதாக எடுத்து ஏற்றுங்க. பழைய படத்தையே வெளிச்சம் கூட்டி மறுபடி அனுப்பினால் மறுபடியும் திரும்பத்தான் செய்யும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் புதிதாக விண்ணப்பிக்க நேரும். அதனால் கடைசித் தேதிக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குவது நல்லது.

இன்று எடுத்த நல்ல படத்தை ‘சான்றுகள்’ என்று ஒரு தனி ஃபோல்டரில், யாருடையது, எந்தச் சான்று என்று பெயரிட்டுப் பூட்டி வைத்துக்கொள்ளுங்க. அடுத்த முறை உங்கள் பிள்ளைக்குக் கல்லூரி இடம் கிடைத்து, ‘நாளைக்குள் சான்றை ஏற்ற வேண்டும்’ என்று தகவல் வரும்போது, இரவு பத்து மணிக்கு டியூப்லைட்டுக்கு அடியில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.